வேற்றூர் புகுந்த வணிகன்
கோவலன் மதுரையைத் தேர்ந்தமை பற்றிய ஓர் ஆய்வு

பிழைப்பை நாடிப் பிறநாடு செல்வார்க்கு முதற்கண் எழும் வினா, எந்நகரில் சென்று தங்குவது என்பதேயாம். ஊதியம் மிகுமா, குடிக்கூலி தாங்கத்தக்கதா, தெருவில் அச்சமின்றி நடத்தல் இயலுமா, பேசும் மொழி விளங்குமா என்று பலவாறு எண்ணிப் பார்த்தே அவர்கள் ஒரு நகரைத் தெரிந்துகொள்கின்றனர். சிங்கப்பூர்க்கும் துபாய்க்கும் இலண்டனுக்கும் செல்லும் இன்றைய இளைஞர்க்கு மட்டும் உரிய வினா அன்று இது. தமிழின் முதற் காப்பியமே இவ்வினாவின்மேல் நடைபெறுகின்றது. சோழநாட்டு வணிகன் ஒருவன், கைப்பொருள் அனைத்தும் இழந்தபின், வேற்றரசன் தலைநகர் ஒன்றைத் தன் தொழிற்களமாகத் தேர்கின்றான். கதை முழுதும் அத்தேர்வினின்றே கிளைக்கின்றது. ஆயினும், கோவலன் மதுரையைத் தேர்ந்தது ஏன், தேர்ந்தபின் அந்நகருள் அவன் புகுந்தது எவ்வாறு என்னும் இரண்டினையும் வேறு வேறாக வைத்து ஆராயும் வழக்கம் நம்மிடை அருகியே காணப்படுகின்றது. ஊழ் என்னும் ஒரு சொல் எல்லா வினாக்களையும் மூடிவிடுகின்றது.

ஊழ்வினையைப் பதிகமே காப்பியத்தின் மூன்று உண்மைகளுள் ஒன்றாகக் கூறுதலின், அதனை யாம் மறுக்கின்றோம் அல்லோம். ஆனால், ஊழ் ஒன்றே போதும் என்று அடிகள் கருதியிருப்பாராயின், முதற்பொருள் யாது, வழி எத்துணைக் காதம், மூன்று வழிகளுள் எது செல்லத்தக்கது, நகரின் எத்தெருவில் எப்பொருள் விற்கும், புதியவனை யார் ஏற்றுக்கொள்வர் என்பனவற்றையெல்லாம் இத்துணை விரித்துக் கூறியிருக்க வேண்டுவதில்லை. ஊழ் நடப்பதற்கும் ஒரு வாயில் வேண்டும். அவ்வாயில் எது என்பதே ஈண்டு நாம் காண முற்படுவது.

கனாத்திறம் உரைத்த காதையில் கோவலன் மாதவியைப் பிரிந்து இல்லம் திரும்புகின்றான். குலத்தார் ஈட்டிய மலைபோன்ற செல்வத்தைத் தான் தொலைத்தமை தனக்கு நாணம் தருவதாக அவன் கூறுகின்றான். கண்ணகி, சிலம்புகள் உள்ளன, கொள்க என்கின்றாள். அவற்றை முதலாகக் கொண்டு மதுரை சென்று, இழந்த பொருளை மீட்டும் ஈட்டத் துணிகின்றான். சிலம்பு, முதல், மதுரை, உடனே புறப்பாடு: நான்கும் ஒரே மூச்சில் வருகின்றன. ஏன் மதுரை என்பதற்கு அவன் வாயினின்று ஒரு காரணமும் வரவில்லை. கண்ணகியும் கேட்டிலள். நகர் எல்லை கடந்த சிறிது பொழுதில், அடி நொந்த நிலையில், மதுரை எங்குள்ளது என்று மட்டும் கேட்கின்றாள். முப்பது காதம் என்னும் விடை வருகின்றது.

கூறப்படாத அக்காரணத்தை நாம் செயலினின்று உய்த்துணர வேண்டும். இருவரும் புகாரை விட்டு வைகறைக்கு முன்னர், ஒருவரும் அறியாவண்ணம் வெளியேறுகின்றனர். இடைவழியில் உறையூர் வருகின்றது. அதுவும் பேரூரே, சோழன் நகரே, பழகிய ஆட்சி. அங்கே கடை வைத்தல் இயலாதோ? அவன் அங்கு ஒருநாளும் தொழில் எண்ணத்தோடு நின்றான் அல்லன். சோழநாட்டு வணிகர் அனைவர்க்கும் மாசாத்துவான் பெயர் தெரியும். அப்பெயர் தெரிந்த இடத்தில் மகனின் வறுமையும் தெரிந்துவிடும். எனவே அவன் வேண்டியது செல்வநகரம் ஒன்று மட்டும் அன்று. தன்னை எவரும் அறியாத செல்வநகரம். மதுரை அவ்விரண்டுமாக இருந்தது. இஃது இழிந்த காரணம் எனல் ஆகாது. கெட்டுப்போன குடும்பத்து மகன் கடல்கடந்து செல்லுதற்கு எக்காலத்தும் பெரும்பான்மையான காரணம் இதுவே.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. மங்கல வாழ்த்துப் பாடலில் புகாரைப் புகழும் அடிகள், குடிபெயர்ந்து செல்லுதலை அறியாத பழங்குடியினர் நிறைந்த ஊர் என்கின்றார். அவ்வூரினின்றே கோவலனைக் குடிபெயரச் செய்கின்றார். பின்னர் அடைக்கலக் காதையின் தொடக்கத்தில் மதுரைக்கும் அதே சிறப்பினைச் சூட்டுகின்றார். தன் ஊரை விட்டு நீங்கியவன், ஊரை விட்டு நீங்குதல் இன்னதென்று அறியாத மக்களிடையே வந்து நிற்கின்றான். ஒரே அடைமொழி ஈரூர்க்கும் வந்தது வழக்குச் சொல் பற்றியே என்பார் உளராயின், அவர் கூற்றை யாம் ஏலோம். அடைமொழியை அளந்து வைப்பவர் இளங்கோவடிகள்.

இனி, கோவலன் வளர்ந்த ஊர் வேற்றுநாட்டார்க்கு எத்தகையதாக இருந்தது என்பதையும் காணல் வேண்டும். ஏனெனில், வேற்றூர் புகுவோன் அவ்வூரைத் தன் ஊரைக்கொண்டே மதிப்பிடுகின்றான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, பல மொழி பேசும் பல தேயத்து மக்கள் புகாரில் ஒருவரோடு ஒருவர் கலந்து இனிதாக வாழ்ந்தனர் என்கின்றது. இந்திரவிழவு ஊர் எடுத்த காதை, மருவூர்ப்பாக்கத்தில் காண்பார் கண்ணை ஈர்க்கும் யவனர் இருக்கைகளைக் காட்டுகின்றது. மணிமேகலையின் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதையிலோ மகதத்துத் தொழிலாளர், மராட்டியக் கம்மியர், அவந்தி நாட்டுக் கொல்லர், யவனத் தச்சர் ஆகியோர் தமிழ்த் தொழிலாளரொடு கூடிச் சோழனுக்கு மண்டபம் சமைத்தமை பேசப்படுகின்றது. பிறநாட்டில் தொழில்செய்யப் போந்த கைவினைஞரின் பட்டியல் ஒன்று ஒரு காப்பியத்துள் இவ்வளவு இயல்பாக இடம்பெற்றமை வியக்கத்தக்கது.

இத்தகைய ஊரில் வளர்ந்தவனுக்கு, எவ்வூரும் புதியவனை ஏற்கும் என்னும் எண்ணம் உண்டாதல் இயல்பே. ஆனால் புகாரின் வேற்றுநாட்டார் எவ்வாறு வந்தனர் என்பதை அவன் எண்ணிப் பார்த்திலன். அவர்கள் கூட்டமாக வந்தனர். ஓரிடத்தில் சேர்ந்து தங்கினர். அவர்தம் தொழில் ஊரறிந்தது. அவர்கள் கொணர்ந்த பண்டமோ சுங்கம் கொள்வாரால் அளவிடப்பெற்றுப் புலிப்பொறி இடப்பெற்ற பின்னரே நகருள் சென்றது. இதனையும் அப்பட்டினப்பாலையே கூறுகின்றது. மக்கள் கலந்து இனிது வாழ்ந்தமைக்கும், பண்டத்தின்மேல் பொறி இருந்தமைக்கும் தொடர்பு உண்டு. இது யாருடையது என்னும் வினா எழுமுன்னரே விடை அதன்மேல் பதிந்திருந்தது. கோவலன் கையில் இருந்த ஒற்றைச் சிலம்பின்மேல் எவர் பொறியும் இல்லை.

மதுரையைப் பற்றி அவன் அறிந்திருந்தது அதன் புகழ் ஒன்றே. புறஞ்சேரி இறுத்த காதையில் அப்புகழை அவன் முழுதும் நம்பினமை வெளிப்படுகின்றது. பாண்டியன் ஆட்சியில் கரடியும் புலியும் பாம்பும் கூட வழிச்செல்வார்க்கு ஊறு செய்யா என்னும் சொல்லை நம்பி, வெயிலுக்கு அஞ்சி, இரவிலே நடக்கின்றனர். அச்சொல் பொய்த்திலது; இருள் செறிந்த காட்டுவழியில் அவர்களுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. தீங்கு நேர்ந்தது பகலில், நகரில். ஒரு நாட்டின் வழிப்பாதுகாப்பு வேறு, அந்நாட்டு அரண்மனையின் விசாரணை வேறு என்பதைக் காப்பியம் இவ்வாறு பிரித்துக் காட்டுகின்றது. மதிற்கொடிகள் வாராதீர் என்று கைகாட்டி மறிப்பனபோல் அசைந்தன என்னும் இடத்தைத் தற்குறிப்பேற்ற அணி என்று பெயர் கூறி நம் ஆசிரியர்கள் கடந்துவிடுகின்றனர். அணியின் பெயரால் மாணவர்க்கு மதிப்பெண் கிடைக்கும், பொருள் கிடைப்பதில்லை. ஊரின் புகழைப் பாணரும் அந்தணரும் பாடிக் கேட்டு வந்தவனுக்கு, ஊரின் மதில்தான் முதன்முதலில் வேறொரு செய்தி கூறுகின்றது.

இக்காதையிலேயே ஒரு வாய்ப்பு வந்து கழிகின்றது. கோசிகமாணி என்பான் மாதவியின் ஓலையொடு வந்து, பெற்றோர் படும் துயரைக் கூறுகின்றான். கோவலன் அவ்வோலையின் பொருள் தன் பெற்றோர்க்கும் பொருந்துவதாகக் கண்டு, அதனையே அவர்களிடம் காட்டுக என்று கொடுத்தனுப்புகின்றான். ஒப்பற்ற நுண்மை உடைய இடம் இது. ஆயினும் ஒரு வணிகன் கண்கொண்டு நோக்கின், குறையும் உடையது. மாசாத்துவான் மதுரையில் உள்ள பெருவணிகர் ஒருவர்க்கு எழுதும் ஓர் ஓலை போதும், கோவலன் அந்நகரில் புதியவன் ஆகான். அதனை வேண்ட அவனுக்கு வாய் எழவில்லை. நாணம் அத்துணை வலியது.

ஊர்காண் காதைதான் நம் ஆய்வின் நடுவிடம். அதன் தொடக்கத்தில் கோவலன் கவுந்தியடிகளிடம், நகர வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வரும்வரை கண்ணகியைக் காத்தருளுமாறு வேண்டுகின்றான். எனவே அவன் நகருள் சென்ற நோக்கம் தெளிவானது: தன்னை அறிவித்தல். அடுத்து நடப்பது யாது? அகழி கடந்து, வாயில் காக்கும் வாள்வலி மிக்க யவனர் ஐயுறாதவாறு உட்புகுகின்றான். வேற்றுநாட்டினின்று வந்து மதுரையில் ஊழியம் செய்யும் காவலர், வேற்றுநாட்டினின்று வரும் தமிழனை உள்ளே விடுகின்றனர். அடிகள் நகைச்சுவைக்காக இதனை வைத்தார் அல்லர். ஆயினும் வாசிப்போர் ஒரு கணம் நிற்கத்தான் வேண்டும். பின்னர்க் கணிகையர் வீதி, அங்காடி வீதி, மணிக்கடைத் தெரு, பொற்கடைத் தெரு, அறுவை வீதி, கூல வீதி என்று ஒவ்வொன்றாகக் காண்கின்றான். ஒன்பது மணிகளின் இயல்பும் குற்றமும் விரிவாகக் கூறப்படுகின்றன. கூல வீதியில் நிறைகோலும் முகக்கும் அளவைகளும் கொண்டு திரிவாரும், மிளகுப் பொதியும், தானியக் குவியல்களும் கண்முன் நிற்கின்றன. காதை முடிகின்றது.

வணிகர் எவரையும் அவன் கண்டான் என்று ஒரு சொல்லும் இல்லை. யாரிடமும் அவன் பேசினான் அல்லன். தன்னை அறிவிக்கச் சென்றவன், ஊரைக் கண்டு மீண்டான். திரும்பி வந்து கவுந்தியடிகளிடம் கூறியதும் மதுரையின் தீதின்மையும் பாண்டியன் கொற்றமுமே. காதையின் பெயரை நோக்குக: ஊர் காண் காதை. ஊர் அவனைக் காணவில்லை. இதனை வருணனையில் திளைத்த புலவரின் மறதி என்று கொள்ளலாமோ? ஒருகாலும் ஆகாது; அடைக்கலக் காதை அதற்குச் சான்று. அங்கே மாடல மறையோனும் கவுந்தியடிகளும் கோவலனை நோக்கி, இப்புறஞ்சேரி துறவோர்க்கன்றி உனக்குப் பொருந்தாது, நகரத்து வணிகர் உன் பெயரைக் கேட்ட அளவிலே உன்னை ஏற்றுக்கொள்வர், பொழுது சாயுமுன் செல்க என்கின்றனர். மாதரியிடம் அடைக்கலம் தரும்போது கவுந்தியடிகள் மேலும் தெளிவாகப் பேசுகின்றார். இவள் கணவனின் தந்தை யார் என்று கேட்பின், இந்நகரத்து அவர்தம் குலத்தார் பெறற்கரும் பொருளைப் பெற்றாற்போல எதிர்கொண்டு தம் மனையில் வைப்பர். அச்செல்வர் மனை புகும் அளவும் இவளை உன்னிடம் அடைக்கலம் தந்தேன் என்பது அவர் கூற்று. ஆயர்பாடி இடைத்தங்கல் மட்டுமே. சேரவேண்டிய மனை நகருள் இருந்தது. கதவு அடைபடவில்லை, தட்டுவார்தாம் இலர்.

மறுநாள் கோவலன் அம்மனைகளை நாடிச் சென்றான் அல்லன். சிலம்பு ஒன்றினைக் கொண்டு நேரே கடைத்தெருவுக்குச் சென்றான். முதலில் உறவு, பின்னர் வாணிகம் என்னும் முறை தலைகீழாயிற்று. பொருள் ஈட்டிய பின்னரே குலத்தார் முகத்தில் விழித்தல் வேண்டும் என்று அவன் கருதியிருத்தல் கூடும். அக்கருத்தைப் பழித்தல் எளிது. வெறுங்கையொடு உறவினர் வாயிலில் நின்றவர்க்கே அதன் நியாயம் விளங்கும்.

பொற்கொல்லனைக் கண்டபின் நிகழ்வன யாவரும் அறிந்தவை. யாம் சுட்ட விரும்புவது அக்கொல்லன் தன் நெஞ்சில் கோவலனைக் குறிக்கும் சொல்லை. தான் கவர்ந்த அரசியின் சிலம்பு வெளிப்படுமுன் இப்புதியவனைக் காட்டித் தப்புவேன் என்று அவன் எண்ணுமிடத்து, கோவலனுக்குப் புலம்பெயர் என்னும் அடை வருகின்றது. புகாரில் கலந்து இனிது வாழ்ந்த வேற்றுநாட்டார்க்குப் பட்டினப்பாலை கொடுத்த அடையும் அதுவே. 1983க்குப் பின்னர் ஈழத்தினின்று பல நாடுகளிற் சிதறிய தமிழர் தம் எழுத்துக்குச் சூட்டிக்கொண்ட பெயரும் புலம்பெயர் இலக்கியம் என்பது. முதலாவது இடத்தில் அச்சொல் ஒரு நகரின் பெருமை. இரண்டாவது இடத்தில் அது கொலைக்குப் போதிய தகுதி. சொல்லின் பொருள் மாறவில்லை. அச்சொல்லுக்கு உரியவனைப் பற்றி, இவனை யான் அறிவேன் என்று கூறுவார் உண்டா இல்லையா என்பதுதான் மாறியது.

காவலர் யாவரும் ஒருபடித்தாய் இருந்தார் அல்லர் என்பதும் நோக்கத்தக்கது. இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றம் அன்று என்று சிலர் தயங்குகின்றனர். அப்போது கொல்லன் களவு நூலை எடுத்து விரிக்கின்றான். தோற்றத்தைக் கண்டு ஐயுறத் தெரிந்தவர்க்கும், நீ யார், எவ்வூர், யார் மகன் என்று கேட்கத் தோன்றவில்லை. கல்வியறிவற்ற ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். அரசன் ஆணையிலும் வினா இல்லை. மதுரை கொடிய நகரம் எனல் பொருந்தாது. அன்று அஃது அவசரப்பட்ட நகரம்.

பொற்கொல்லரைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. தாய்லாந்தின் தென்பகுதியில் கிராபி மாநிலத்துக் குளோங் தோம் என்னும் ஊரில், கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. பெரும்பத்தன் என்னும் தட்டானுக்கு உரிய கல் என்னும் பொருள்படத் தமிழி எழுத்தில் அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளது. கடல் கடந்து சென்று தொழில் செய்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லன், தன் கருவியின்மேல் தன் பெயரை வெட்டிவைத்திருக்கின்றான். அயலூர் வாழ்வின் முதல் தேவை எது என்பதை அவன் அறிந்திருந்தான் போலும்.

கோவலனோடு ஒப்பிடத்தக்க மற்றொருவன் மணிமேகலையில் வரும் சாதுவன். ஆதிரையின் கணவனாகிய அவனும் கணிகையாலும் சூதாலும் பொருள் இழந்தவன். அவனும் பொருள் தேடி வேற்றுநாடு புறப்பட்டவன். அவன் ஏறிய கலம் உடைந்து, நக்க சாரணர் ஆகிய நாகர் வாழும் மலைப்பக்கம் சென்று சேர்கின்றான். அவர்கள் மக்களை உண்பவர். மதுரையைவிட நூறு மடங்கு கொடிய இடம். அவன் தேர்ந்த இடமும் அன்று. ஆயினும் அவன் பிழைக்கின்றான். ஏனெனில் அவன் அவர்தம் மொழியைக் கற்றிருந்தான். கொல்லவந்தவரிடம் அம்மொழியிலேயே பேசினான். அவர்கள் வியந்து தம் தலைவனிடம் கொண்டு சென்றனர். தலைவன், நீ இங்கு வந்தது எவ்வாறு என்று கேட்கின்றான். கோவலனிடம் எவரும் கேட்காத கேள்வி அது. முடிவில் பொருளும் பெற்றுச் சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் சாதுவன் ஊர் திரும்புகின்றான். சாத்தனார் அறநெறி உணர்த்தவே இக்கதையைப் படைத்தார் எனினும், சிலம்பினை நன்கு அறிந்தவர் கைவண்ணமாகவே யாம் இதனைக் காண்கின்றோம். மதுரையில் மொழி ஒன்றே, கேட்பார் இலர். நாகநாட்டில் மொழி வேறு, கேட்பார் இருந்தனர்.

ஊழை முன்வைப்பார்க்கு இறுதி அரண் கட்டுரை காதை. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் முற்பிறப்புச் செய்தி அங்கே உள்ளது. ஆனால் அச்செய்திதான் என்ன? கலிங்க நாட்டில் சிங்கபுரத்து வேந்தனும் கபிலபுரத்து வேந்தனும் பகைத்திருந்தனர். இடைப்பட்ட வழியில் மக்கள் இயங்கவில்லை. கபிலபுரத்துச் சங்கமன் என்னும் வணிகன் பொருள் வேட்கையால் தன் மனைவி நீலியொடு கரந்து சென்று, சிங்கபுரத்துக் கடைத்தெருவில் அணிகலன்களை விற்கின்றான். பரதன் என்னும் அரச ஊழியன் அவனை ஒற்றன் என்று காட்டிக் கொல்விக்கின்றான். அப்பரதனே கோவலன். இதனினும் தெளிவாக ஒரு புலவர் கூறுதல் இயலுமோ! வேற்றூரில் அணி விற்கப் புகுந்தவன், மனைவி துணையாக வந்தவன், அறிவார் இன்மையால் பழி சுமந்து மாண்டவன். ஊழ் என்று அடிகள் எடுத்துக்காட்டுவதும் இவ்வினாவின் மற்றொரு வடிவமே. ஊழைக் கூறி வினாவை மூடுவார்க்கு அவ்வூழே வினாவை மீண்டும் திறந்துவிடுகின்றது.

வழக்குரை காதையில் பாண்டியன் கண்ணகியை நோக்கி நீ யார் என்று கேட்கின்றான். அவள் விடையின் அமைப்பினைக் காண்க. முதலில் தன் ஊரின் பெருமை, அவ்வூரை ஆண்டு அறம் காத்த வேந்தர், பின்னர் மாசாத்துவான் பெயர், அவன் மகன் கோவலன், வாழ்தல் வேண்டி இந்நகர் புகுந்தவன், சிலம்பு விற்க வந்து மாண்டவன், அவன் மனைவி, கண்ணகி என்பது என் பெயர். ஒரு வணிகன் புதிய ஊரில் தன்னை அறிவிக்கும் முறை வழுவாது இதுவே: ஊர், குலம், தந்தை, தொழில், வந்த நோக்கம். ஊர்காண் காதையில் கோவலன் கூறச் சென்று கூறாது மீண்ட சொற்கள், அவன் இறந்தபின் அவையில் அவள் வாயினின்று வருகின்றன. கேட்ட அளவில் அரசன் சிலம்பினைக் கொணர்வித்து உண்மை காண்கின்றான். தன் தவற்றினை ஒருவரும் எடுத்துரைக்க வேண்டாமலே உணர்ந்து உயிர் நீக்கின்றான். ஒரு நாள் முன்னர் அதே சொற்கள் அந்நகரின் எந்த மனைவாயிலில் ஒலித்திருப்பினும் அவை கேட்கப்பட்டிருக்கும் என்பதற்கு இவ்வரசனின் செயலே சான்றாகின்றது.

மதுரையைத் தேர்ந்ததில் கோவலன்பால் பிழை இல்லை என்பதே எம் முடிபு. வளம், வாணிகம், மொழி, வழிப்பாதுகாப்பு என்று எவ்வாற்றானும் அது தகுந்த நகரே. அந்நகரைத் தேர்தற்கு அவனைத் தூண்டிய அறியப்படாமை என்னும் அந்நலமே அங்கு அவனைக் காவாது கைவிட்டது.

இனி எஞ்சுவது மாதரி. மதுரையில் கோவலனும் கண்ணகியும் யார் என்பதை அறிந்து, தன் மனையில் இடம் தந்தவள் அவள் ஒருத்தியே. நகரத்துப் பெருவணிகர் செய்திருக்க வேண்டிய கடமையை மோர் விற்கும் முதுமகள் செய்தாள். கொலைச்செய்தி கேட்டபின் அவளும் கவுந்தியடிகளும் என்னாயினர் என்பதை அடிகள் மதுரைக் காண்டத்தில் கூறாது, வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதைவரை நிறுத்திவைக்கின்றார். அங்கே கங்கைக் கரையில், செங்குட்டுவன் கேட்க, மாடலன் கூறுகின்றான்: அடைக்கலப் பொருளை இழந்தேன் என்று மாதரி நள்ளிரவில் எரி புகுந்தாள், கவுந்தியடிகள் உண்ணாது இருந்து உயிர் விட்டார்.